மேற்கு மாம்பலத்தில் ஒரு மஞ்சள் லாம்பு

1

இந்தக் குறிப்பை ஒரு மஞ்சள் லாம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பினாங்கில் இருக்கும் நண்பரான உங்களுக்கு லாம்பு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. சென்னையில் விளக்கு என்றால் சாமிக்கு, லைட் என்றால் மனிதர்களுக்கு. லாம்பு என்று நான் சொல்லும்போதெல்லாம் என் மகளே சிரிக்கிறாள்.

பெரிய பொருள் ஒன்றுமில்லை. இடுப்பளவு உயரத்துக்கு ஒரு மரத்தண்டு, மேலே கவிழ்த்த கூடை போலத் துணி மூடி, உள்ளே ஒரு பல்பு. இதனால் இந்த இரண்டு மாதத்தில் எதிர்வீட்டு மாமி எங்கள்மேல் இரக்கப்பட்டிருக்கிறார். அரசு அலுவலகம் ஒன்று என் முகத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. ஒரு கல்யாண வீட்டுக்குக் கறுப்புக் கரைப் புடவைகள் கிளம்பப் பார்த்திருக்கின்றன. இத்தனையும் செய்துவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி சோபா ஓரத்தில் நின்றுகொண்டிருக்கிறது.

நாள் குறித்து வைக்கும் என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். போன வருடம் ஆடிப் பெருக்கு அன்று நாங்கள் மூவரும் இங்கே வந்து இறங்கினோம். நேற்று மறுபடியும் ஆடிப் பெருக்கு. ஒரு வருடக் கெடு நேற்றோடு முடிந்தது. என்ன கெடு என்பதைச் சொல்லிவிட்டுத்தான் லாம்புக்கு வர வேண்டும்.

2

என் மனைவி வள்ளி இந்த ஊர்க்காரி. அவள் அப்பா, அதாவது என் மாமா, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் புடவைக் கடை போட்டவர். அவருடைய ஒரே பெண்ணைக் கட்டி நான் பினாங்குக்குக் கூட்டிப் போனேன். போன வருடம் மாமாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. கடையைப் பார்க்க ஆள் இல்லை. வள்ளி வந்தாள், அவளோடு நாங்களும் வந்தோம். பினாங்குக் கம்பெனிக் கணக்கை எந்த ஊரில் உட்கார்ந்தும் எழுதலாம் என்பதால் எனக்குச் சிக்கல் இல்லை. "ஒரு வருஷம் பாப்போம். அப்புறம் இருக்கறதா போறதான்னு நான் சொல்றேன்" என்றாள். முடிவு அவள் கையில். அது நியாயம்தான், வேலை முழுக்க அவள் தலையில் விழுந்ததால்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வந்தேறியான எனக்குத்தான் இந்த ஊர் தலைக்கேறிவிட்டது. பஸ் பலகை தமிழில். பல் டாக்டர் பலகை தமிழில். சுவரில் எதைச் செய்யாதே என்று எழுதியிருக்கிறதோ அதுவும் தமிழில். திருவல்லிக்கேணி நடைபாதையில் பழைய புத்தகம் பொறுக்கிவிட்டு, மெரினா வரை நடந்து, மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில் நசுங்கி வீடு வந்தால் எனக்கு வயது பத்து குறைந்திருக்கும். வந்த புதிதில் எங்கள் வாட்ச்மேனிடம் காலையில், "பசியாறிட்டீங்களா?" என்று நம் ஊர் வழக்கத்தில் கேட்டேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். "இன்னா சார், ராஜா நாடகத்துல பேசுறா மாரி கேக்குற!" இப்போது தினமும் அவரே முந்திக்கொண்டு, "பசியாறினு வர்ட்டா சார்?" என்று சல்யூட் அடிக்கிறார்.

வள்ளிக்கு மட்டும் சொந்த ஊர் ஒட்டவே இல்லை. காலையில் போனால் ராத்திரி ஒன்பதுக்கு வருவாள். வந்தாலும் வீடு அவளை விடாது. எங்கள் ஹாலில் ஆறு டியூப் லைட். மாமா போட்டது. சட்டையில் ஒரு நூல் பிரிந்திருந்தால் வாசலிலிருந்தே தெரியும். கடைக்குத் தினமும் போக டாக்டர் தடை போட்டதால், கடையே அவரைத் தேடி வீட்டுக்கு வந்தது. நெசவு ஊர்களிலிருந்து வரும் ஏஜெண்டுகள் ராத்திரி மூட்டையோடு ஹாலில் உட்காருவார்கள். மாமா ஒவ்வொன்றாகப் பிரித்து, "இது மயில் கழுத்து", "இது வெங்காயத்தோல்" என்று நிறம் சொல்வார். வள்ளி கால் மாற்றி நின்றபடி தலையாட்டுவாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

வைகாசியில் ஒருநாள், கடைசி ஏஜெண்டு போனபிறகு, செருப்புக் கழற்றிய அதே இடத்தில் சுவரில் சாய்ந்து சொன்னாள்:

"என்னங்க, இந்த ஊர்ல எனக்கு வீடே இல்ல. ரெண்டு கடைதான் இருக்கு. ஆடி முடிஞ்சதும் பினாங்குக்கே போயிடலாம்."

ஐயோ, என் பஸ் பலகைகள், என் நடைபாதைப் புத்தகங்கள், என் வாட்ச்மேன்!

3

அன்று பினாங்கில் எங்கள் பட்டர்வொர்த் வீட்டை நினைத்துக்கொண்டேன். அங்கே சாப்பாடு முடிந்ததும் வள்ளிதான் முதலில் எழுந்து கூரை லைட்டை அணைப்பாள். மூலையில் ஒரு லாம்பு மட்டும் எரியும். ஜன்னலுக்கு வெளியே மழை, அதற்கப்பால் படகுத்துறை வெளிச்சம். பிரம்பு மோடாவின்மேல் காலைத் தூக்கிப் போட்டு, இனிப்பு ஜாதிக்காய் ஊறலை ஒவ்வொரு துண்டாக வாயில் போட்டுக்கொண்டு, அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்வாள். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் பூனைக்குப் பேர் வைத்த கதை வரை வரும். அந்த ஒரு மணி நேரம்தான் எங்கள் குடித்தனம் என்று இப்போது தோன்றுகிறது. அது பெட்டியில் வராமல் அங்கேயே நின்றுவிட்டது.

அதையாவது இங்கே கொண்டுவந்து பார்த்துவிடுவோம் என்று மறுநாளே கிளம்பினேன். மோடா பாண்டி பஜாரில் கிடைத்தது. மெத்தென்ற பருத்தி விரிப்பு ஒன்று கிடைத்தது. லாம்பும் கிடைத்தது. அதற்குப் பல்பு வாங்கத்தான் ஒரு நாடகமே நடந்தது.

"மஞ்ச பல்பா? சாமி ரூமுக்கா சார்?" என்றார் எலெக்ட்ரிக் கடைக்காரர்.

"இல்லைங்க, ஹாலுக்கு."

"ஹாலுக்கா! இன்னா நைனா, ரூஃப் டாப் ஓட்டலு வெச்சிகினு கீறியா?"

"உட்கார்ந்து பேசத்தான்."

"பேச எதுக்கு லைட்டு? பேச்சு இருட்டுலயும்தான் கேக்கும்." ஆனாலும் தேடி எடுத்துத் துடைத்து, எரியவிட்டுக் காட்டினார். காட்டிவிட்டு அவரே ஒரு கணம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லாத்தான் கீது" என்றார், வாய் தவறிச் சொன்னவர் போல.

4

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு வழக்கம் உண்டு. மாமா சுவிட்சைப் போடுவார். டியூப் லைட் படபடவென்று கண் சிமிட்டி எரியும். உடனே அதைப் பார்த்து ஒரு கும்பிடு. கடையிலும் அப்படித்தான். வரிசையாக விளக்குகள் எரிந்ததும் வேலை செய்கிற பெண்கள் மொத்தப் பேரும், கையில் புடவை இருந்தால் புடவையோடு, ஒரு விநாடி கும்பிடுவார்கள். வாடிக்கையாளர்களும் கும்பிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவர் வீட்டில் முதல் நாள் நான் ஆறு டியூபையும் அணைத்துவிட்டு லாம்பைப் போட்டேன்.

"மாப்ள, என்ன செய்யுதீய? விளக்கு வச்ச நேரத்துல வீட்டை இருட்டாக்குதீயளே!"

"இருட்டு இல்லை மாமா, இதமான வெளிச்சம்."

"இதுக்கு வெளிச்சம்னு பேரா? திருடனே வந்து, பாவம்னு நாலு பாத்திரத்தை வச்சுட்டுப் போவான்."

என் மகள் யாழினி தரமணிப் பக்கம் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். வரும்போது பேச்சில் மூச்சுக்கு ஒருதரம் நம் ஊர் 'லா' போட்டவள் இப்போது மச்சி போடுகிறாள். பினாங்கு அவளிடமிருந்து எந்தக் கிழமையில் நழுவியது என்று மட்டும் நான் குறித்து வைக்கவில்லை. அவள் உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "செம வைபா இருக்கு தாத்தா! அப்பா, ஓவரா சீன் போடாம அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டு."

அப்போது அழைப்பு மணி அடித்தது. எதிர்வீட்டு மாமி. ஒரு கையில் எமர்ஜென்சி லைட், இன்னொரு கையில் மூடிபோட்ட தட்டு.

"ஒங்காத்துல மட்டும் கரண்ட் இல்லையா? எங்காத்துல இருக்கே! ஃபியூஸைப் பிடுங்கிண்டு போயிட்டாளோன்னு நெனைச்சேன். பில்லு கட்ட மறந்துபோறது எல்லாராத்துலயும் உள்ளதுதான், சங்கடப்படாதீங்கோ. இருட்டுல எப்படிச் சமைப்பேள்னு அடை வார்த்துண்டு வந்தேன்."

"அப்பா வேணும்னுதான் மாமி அணைச்சு வெச்சிருக்காரு" என்றாள் யாழினி.

"வேணும்னா?" மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். இரக்கம் இன்னும் கூடியது. "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

மாமாவின் முகத்தில் அத்தனை நாளில் நான் பார்க்காத பிரகாசம். "ஊரு என்ன சொல்லுதுன்னு கேட்டீயளா மாப்ள?" என்று ஆறு சுவிட்சையும் தட்டினார். அடை அருமையாக இருந்தது. மானம் போனதோடு ஒப்பிட்டால் நஷ்டம் என்று சொல்ல முடியாது.

5

ஆனியில் அடுத்த அடி. நான் வெளிநாட்டுக் குடிமகன், இங்கே தங்குவதற்கான அனுமதியை நீட்டிக்க வேண்டும். எதற்கும் விசாரித்து வைப்போம் என்று காகிதங்களோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன்.

"வீடு யார் பேர்ல சார்?" என்றார் அலுவலர்.

"மாமனார் பேரில்."

"வாடகைக்கு இருக்கீங்களா?"

"இல்லை."

"சொந்தமா?"

"இல்லை."

"அப்ப என்னன்னு போடறது? வீட்டோட மாப்பிள்ளைன்னு இதுல ஒரு கட்டம் கெடையாதே." தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பக்கத்து நாற்காலிக்காரருக்குப் புரையேறிவிட்டது. மாமனாரிடம் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். அடுத்து அலுவலர் என் போட்டோவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது எங்க எடுத்தது?"

யாழினி ஹாலில் லாம்பு பக்கத்தில் உட்காரவைத்து எடுத்தது. "அப்பா, இந்த லைட்டிங்ல நீ ஹீரோ மாதிரி இருக்க" என்று சொல்லித்தான் எடுத்தாள்.

"பின்னாடி வெள்ளையா இருக்கணும் சார். இது மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு. வேற எடுத்துட்டு வாங்க. அப்புறம், எத்தனை வருஷத்துக்குக் கேக்கப் போறீங்க? ஒண்ணா, அஞ்சா?"

"வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். இந்தக் கேள்வியை மட்டும் அவர் சிரிக்காமல் கேட்டார். நானும் சிரிக்காமல்தான் பதில் சொன்னேன்.

மாமாவிடம் விஷயம் போனதும் எழுந்து நின்று கை தட்டினார். "பாத்தீயளா! கவர்மெண்டே வெள்ளை வெளிச்சம்தான் கேக்கான்!"

போகட்டும் என்று ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். எட்டு மணிவரை டியூப் லைட். அதன்பின் லாம்பு. ஏஜெண்டு வந்தால் மறுபடி டியூப் லைட். ஏஜெண்டு தினமும் வந்ததால் லாம்புக்கு வாழ்வே இல்லாமல் போனது. வள்ளி மோடாவைப் பார்த்து, "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அதன்மேல் கைப்பையை வைத்தாள். அவள் காலுக்காக வாங்கியது.

6

ஆடி பிறந்ததும் தள்ளுபடிக் கூட்டம். அதோடு ஆவணிக் கல்யாணங்களுக்கான ஆர்டர்களும். ஒரு கல்யாண வீட்டார், உறவுக்காரப் பெண்களுக்கு வைத்துக் கொடுக்க ஒரே மாதிரிப் புடவைகள் கேட்டிருந்தார்கள். சந்தன நிற உடல், கருநீலக் கரை. ஏஜெண்டு ஒரு மாதிரிப் புடவையோடு வந்தார். லாம்பு எரிந்துகொண்டிருந்தது. மாமா டியூப் லைட் சுவிட்சை நோக்கி எழுந்தார். அப்போது யாழினி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"பின்ன, தாத்தாவால இந்த வெளிச்சத்துல எல்லாம் கலர் சொல்ல முடியாதுல்ல."

மாமா திரும்பினார். "யாருக்கு முடியாது? நான் துணி பாக்க ஆரம்பிச்சப்ப உங்கப்பன் பொறக்கவே இல்ல. கண்ணைக் கட்டிட்டுக் குடுத்தாலும் தொட்டே சொல்லுவேன்."

"அப்ப சொல்லுங்க பாப்போம்."

அவர் உட்கார்ந்தார். புடவையை மடியில் போட்டார். கரையை விரலால் தடவினார். லாம்புக்கு அருகே பிடித்தார், தள்ளிப் பிடித்தார். வள்ளி, "அப்பா, லைட்டைப் போட்டே பாத்துடுங்களேன்" என்றாள். அது இன்னும் சூடேற்றியது.

"கருநீலம். சுத்தமான கருநீலம். மொத்தத்தையும் அனுப்பச் சொல்லுடே" என்றார் ஏஜெண்டிடம். ஏஜெண்டும் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்.

சரக்கு வந்த அன்று காலை மாமாவைக் கடைக்குக் கூட்டிப் போயிருந்தோம். வள்ளி ஒரு கட்டைப் பிரித்து, வழக்கம்போல் ஒரு புடவையை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போனாள். புடவைக்காரர்களுக்குக் கடைசித் தீர்ப்பு வெயிலில்தான். பிரித்துப் பிடித்தவள் அப்படியே நின்றாள்.

கறுப்பு. எண்ணெய் தேய்த்த தலைமுடி மாதிரி பளபளவென்று கறுப்பு. கல்யாணத்துக்கு வருகிற அத்தனை பெண்களுக்கும் கறுப்புக் கரையில் புடவை! தறியில் மாற்றி ஓட்டிவிட்டார்கள். லாம்பு வெளிச்சத்தில் கறுப்பும் கருநீலமும் ஒன்றாகிவிட்டன. மாமா வாசலுக்கு வந்தார். புடவையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். வேலை செய்கிற பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவசரமாக எதையோ மடித்தார்கள். ஏஜெண்டு மன்னிப்புக் கேட்டுச் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டார். கல்யாண வீட்டுக்கு விஷயம் போகவே இல்லை. ஆனால் மாமா ஆட்டோவில் வீடு வரும்வரை தன் வேட்டிக் கரையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

லாம்பின் கதை முடிந்தது என்று நினைத்தேன். வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

7

அன்று ராத்திரி வள்ளி வந்ததும் மாமா எங்களை ஹாலில் கூட்டினார். எரிகிற லாம்பைக் கை நீட்டிக் காட்டினார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இந்த வெளிச்சத்துல இனிமே இந்த வீட்டுல யாரும் துணி பாக்கக் கூடாது. ஒரு கைக்குட்டைகூடப் பாக்கக் கூடாது. கடை மேல சத்தியம்."

அடுத்து லாம்பை எடு என்று சொல்ல வாயெடுத்தார். வள்ளி முந்திக்கொண்டாள்.

"சரிப்பா. அப்ப இது எரியிற வரைக்கும் வீட்டுக்குள்ள துணி வரக் கூடாது."

"அதான் சொல்லுதேன்."

"ஏஜெண்டும் வரக் கூடாது."

"அவன் எதுக்கு வாரான், துணியே பாக்க முடியாத எடத்..." மாமா நிறுத்தினார். எங்கே வந்து நிற்கிறோம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கை தானாக டியூப் லைட் சுவிட்சுப் பக்கம் போயிற்று.

"சத்தியம் தாத்தா! கடை மேல!" என்று யாழினி கூவினாள்.

"லைட்டைப் போடக் கூடாதுன்னு நான் சத்தியம் பண்ணலையே."

"போடலாம்பா," என்றாள் வள்ளி. "போட்டா ஏஜெண்டு வருவான். நான் திரும்ப நிக்கணும். காலையிலேர்ந்து நின்னுட்டுத்தான் வந்திருக்கேன்." சொல்லும்போது அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். குரல் மட்டும் சிரிக்கவில்லை.

மாமா அவளைப் பார்த்தார். மகளை அந்த வெளிச்சத்தில் அவர் அதுவரை சரியாகப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். கை சுவிட்சிலிருந்து இறங்கியது. அப்போது பார்த்து ஃபோன் அடித்தது. வேறொரு ஏஜெண்டு, கீழே வாசலில் நிற்கிறார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இல்லப்பா. வீட்டுல இப்பக் கலர் பாக்குத வெளிச்சம் கெடையாது. காலையில கடைக்கு வா."

அதை அவ்வளவு கம்பீரமாகச் சொன்னார், ஏதோ வீட்டுக்குப் புதிதாக மாடி எழுப்பியவர் மாதிரி. ஃபோனை வைத்துவிட்டுச் சோபாவில் சாய்ந்தார். முதுகு முழுக்கச் சோபாவில் பட அவர் சாய்ந்து அன்றுதான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் குறட்டையே வந்துவிட்டது.

வள்ளி மோடாவின்மேல் இருந்த கைப்பையை எடுத்துத் தரையில் வைத்தாள். இரண்டு காலையும் தூக்கி அதன்மேல் போட்டாள். "ஏங்க, கறுப்புக் கரையைப் பாத்ததும் அப்பா மூஞ்சி போன போக்கைப் பாத்தீங்களா?" என்று ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் நிற்கவில்லை. மாமாவை எழுப்பிவிடக் கூடாதே என்று தலையணையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம். பட்டர்வொர்த்தில் விட்டுவந்ததாக நான் நினைத்த அந்த ஒரு மணி நேரம், கப்பலேறி வந்து சேர்ந்துவிட்டது.

நான் வாங்கியது என்னவோ இதத்துக்காகத்தான். அது வேலை செய்த விதத்தைப் பாருங்கள்: அதில் துணி பார்க்க முடியாது, அவ்வளவுதான். புடவைக் கடையை வீட்டுக்குள் விடாத ஒரு வெளிச்சம் உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்திருந்தால், வந்த அன்றே விமான நிலையத்திலிருந்து நேராக எலெக்ட்ரிக் கடைக்குப் போயிருப்பேன்.

8

நேற்று ஆடிப் பெருக்கு. கெடு நாள். காலையிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

ஆறு மணிக்கு மாமா எழுந்தார். வழக்கம்போல் சுவிட்சுப் பலகைக்குப் போனார். விரல் டியூப் லைட் வரிசையின்மேல் ஒரு தடவை ஓடிற்று. பிறகு திரும்பி நடந்து, சோபா ஓரத்துக்கு வந்து, கொஞ்சம் சிரமப்பட்டுக் குனிந்து, லாம்பைப் போட்டார். நிமிர்ந்து அதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். டியூப் லைட்டுக்குப் போடும் அதே கும்பிடு, குறைவே இல்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, எரியுததைக் கும்பிட வேண்டாமா?" என்று அதட்டினார்.

வள்ளி ஒன்பதுக்கு வந்தாள். மாமி கொடுத்தனுப்பிய தேங்காய்ச் சாதமும் எலுமிச்சைச் சாதமும் சாப்பிட்டோம். மோடாவில் கால் ஏறியது. பினாங்கிலிருந்து நீங்கள் அனுப்பிய ஜாதிக்காய் ஊறல் டப்பாவைத் திறந்தாள். ஒரு துண்டு, இரண்டு துண்டு. நான் காத்திருந்தேன்.

"என்னங்க, அந்த ஆபீஸ்ல போட்டோ வேற கேட்டாங்களே, எடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்லை" என்றேன். "எத்தனை வருஷத்துக்கு என்றும் கேட்டார்கள்."

"எத்தனை குடுக்கறாங்களோ அத்தனைக்கும் கேளுங்க." மூன்றாவது துண்டை எடுத்தாள். "காலையில கடைக்கு வாங்க, வெள்ளைச் சுவர் பக்கத்துல நிக்க வெச்சு நான் எடுத்துத் தரேன். இங்க எடுக்காதீங்க. இது வீடு."